வீட்டு வேலைக்கு ஒரு சிறிய பெட்ரோல் மரம் அறுக்கும் மெஷின்: குமரி விளைகளுக்கு எது பொருந்தும்?

குமரி மாவட்டத்தில் ஒரு வீடும் அதை ஒட்டி 20, 30 சென்ட் விளையும் உள்ளவருக்கு மரவேலை ஓயாது. ஆனி ஆடிக் காற்றில் ஒடியும் ரப்பர்க் கொப்பு, ஓட்டின்மேல் சாயும் சக்கை (பலா) மரக் கிளை, வேலியோரத்துப் பூவரசு, காய்ப்பு ஓய்ந்த கொல்லாமரம் (முந்திரி), ஐப்பசி மழையில் மூடு (அடிமரம்) இளகிச் சரியும் முருங்கை. இவற்றுக்கெல்லாம் ஆள் கூப்பிட்டால் பாதிப் பேர் வருவதில்லை. பெரிய தடி அறுப்பவர்களுக்கு இந்தச் சில்லறை வேலை கட்டாது. சொந்தமாக ஒரு செயின் சா வாங்கலாம் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. அது நியாயமான எண்ணம்தான். ஆனால் கடையில் பெரும்பாலோர் முதலில் கேட்பது “எத்தனை சிசி?” என்றுதான். கேள்வி அங்கே தொடங்கக் கூடாது.

கடைக்குப் போகும் முன் விளையில் ஒரு சுற்று நடந்து, அறுக்க வேண்டியவற்றின் குறுக்களவை டேப் வைத்து அளந்து பாருங்கள். கொப்புகள் 5 முதல் 15 சென்டிமீட்டர் இருக்கும். விறகுக்குத் துண்டு போடும் தடி 20, 25 சென்டிமீட்டர். அதைத் தாண்டுவது எப்போதாவது ஒன்று. இந்த அளவுக்கு 30 முதல் 38 சிசி எஞ்சினும் 12 அல்லது 14 இன்ச் பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) தாராளம். 14 இன்ச் பார் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். தடியைவிடப் பார் 5 சென்டிமீட்டராவது நீளமாக இருந்தால்தான் மூக்கு மரத்துக்குள் புதையாமல் வெளியே தெரியும். அந்தக் கணக்கில் 14 இன்ச் பாரால் 30 சென்டிமீட்டர் வரை ஒரே பக்கமாக அறுக்கலாம். 60 வயது அயினியையோ புளியையோ மூட்டோடு சாய்ப்பது வீட்டு மெஷினின் வேலையே அல்ல. அதற்குத் தொழில் தெரிந்தவரும் வடமும் வேண்டும்.

ஆன்லைனிலும் சில கடைகளிலும் 58 சிசி, 62 சிசி என்று பெரிய எழுத்தில் ஒட்டி, 22 இன்ச் பாரோடு மலிவாக ஒரு வகை விற்கிறது. பெயர் பெற்ற கம்பெனியின் சிறிய மெஷினைவிட விலை குறைவு, எஞ்சின் இரண்டு மடங்கு என்று மனம் அந்தப் பக்கம் போகும். வீட்டு வேலைக்கு அதை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பார், செயின், எண்ணெய், பெட்ரோல் எல்லாம் சேர்ந்தால் அது 7 கிலோவைத் தாண்டும். கால் மணி நேரத்தில் தோள் தளரும், தளர்ந்த கையில்தான் விபத்து நடக்கிறது. நீளமான பாரின் மூக்கு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கொப்புக் குவியலுக்குள் விட்டால் அடியில் கிடக்கும் இன்னொரு கொப்பிலோ கல்லிலோ முட்டும். இன்னொரு கணக்கும் உண்டு. 22 இன்ச் செயினில் வழக்கமாக 86 ஓட்டுக் கண்ணிகள் (பாரின் குழிக்குள் ஓடும் கண்ணிகள்) இருக்கும், அதாவது 43 வெட்டுப்பற்கள். 14 இன்ச் செயினில் 50 அல்லது 52 கண்ணிகள், 25 அல்லது 26 பற்கள். ஒவ்வொரு முறை மழுங்கும்போதும் அத்தனை பல்லையும் நீங்கள்தான் அரம் போட வேண்டும்.

ஸ்டிக்கரில் உள்ள சிசியை அப்படியே நம்பவும் வேண்டாம். சிலிண்டரின் உள்விட்டமும் பிஸ்டன் ஓடும் நீளமும் கையேட்டில் இருக்கும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, 0.7854-ஆல் பெருக்கி, ஓடும் நீளத்தாலும் பெருக்கினால் உண்மையான சிசி வரும். எல்லாம் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 மெஷினில் விட்டம் 38 மி.மீ., ஓட்டம் 28 மி.மீ.; கணக்குப் போட்டால் 31.8 சிசி, கம்பெனி சொல்வதும் அதேதான். அந்த இரண்டு அளவும் கையேட்டில் இல்லை என்றால், மற்ற விவரங்களையும் அந்த அளவுக்கே நம்பலாம். சிசியைவிட, எஞ்சினின் சக்தியைச் சொல்லும் கிலோவாட்டைக் கேட்பது நல்லது. வீட்டு மெஷினுக்கு 1.2 முதல் 1.6 கிலோவாட் போதும். எம்எஸ் 170, 180 வகையும் ஹஸ்க்வர்னா கம்பெனியின் 120 வகையும் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. பாரும் செயினும் இல்லாத வெறும் உடல் எடை முதல் வகையில் 4 கிலோவை ஒட்டியும், இரண்டாவதில் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

பெட்ரோல்தான் வேண்டுமா, கரண்டில் ஓடுவது போதாதா என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் பதில் கொஞ்சம் வேறு. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் தென்னையும் வாழையும் ஆயிரக்கணக்கில் விழுந்தன, மின்கம்பங்களும் சேர்ந்தே விழுந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. மெஷின் மிகத் தேவைப்படும் நாளில் கரண்டு இருக்காது என்பதுதான் பெட்ரோலின் பக்கம் உள்ள பெரிய வாதம். ஈர மண்ணில் ஒயரை இழுத்துக்கொண்டு அறுப்பதும் ஆகாது. அதே நேரம், வீட்டைச் சுற்றி நாலு முருங்கையும் ஒரு கொய்யாவும் மட்டும் இருந்தால், பேட்டரியில் ஓடும் சின்னக் கைவாள் போதும். பெட்ரோல் மெஷினை மாதக்கணக்கில் சும்மா வைத்தால் அது கெட்டுப்போகும்.

இனி கடையில் பார்க்க வேண்டியவை. முதலில் செயின் பிரேக். முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் காப்பை முன்பக்கம் தள்ளினால் ‘டக்’ என்று பூட்ட வேண்டும், பின்னால் இழுத்தால் விட வேண்டும். மெஷினை ஓடவிட்டு, ரேஸ் கொடுத்த நிலையில் காப்பைத் தள்ளிக் காட்டச் சொல்லுங்கள்; செயின் கண்ணிமைக்கும் நேரத்தில் நிற்க வேண்டும். ரேஸ் லிவரை உள்ளங்கை அழுத்தும் பூட்டு இல்லாமல் அமுக்க முடியக் கூடாது. செயின் அறுந்தால் பிடிக்கும் கொக்கி பாரின் அடியில் இருக்க வேண்டும். கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஸ்பிரிங்கோ ரப்பரோ இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். அது இல்லாத மெஷினில் அரை மணி நேரம் அறுத்தால் விரல்கள் மரத்துப்போகும். ஸ்லோவில் ஓடும்போது செயின் சுற்றக் கூடாது. செயினை இறுக்கும் திருகு பக்கவாட்டில் இருந்தால் நல்லது, மூக்குக்கு நேராக முன்னால் இருந்தால் திருப்பும்போது கை செயினில் உரசும்.

பிறகு கடைக்காரரிடம் ஆறு பொருளை மேசையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: ஏர் ஃபில்டர், டேங்கினுள் போடும் பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் குழாய், ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்ப்ராக்கெட் (செயினைச் சுற்றவைக்கும் பற்சக்கரம்), அதே அளவுச் செயின். இந்த ஆறும் இருப்பில் இல்லாத கடையில் மெஷின் வாங்காதீர்கள். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் விவசாய மெஷின் விற்கும் கடைகளில் சர்வீஸ் ஆள் உண்டா என்று கேட்டுவிட்டே முடிவு செய்யலாம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் மரம் வெட்டுபவர்கள் எந்த மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிப்பதும் உதவும். அவர்கள் பயன்படுத்தும் பெரிய மாடலை வாங்குவதற்காக இல்லை, எந்தக் கம்பெனியின் பாகம் பக்கத்தில் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள. வீட்டு மெஷின்கள் மூலையில் கிடந்து துருப்பிடிப்பதற்குப் பெரும்பாலும் ஒரு சின்னக் குழாயோ கயிறோ கிடைக்காததுதான் காரணம்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அறுப்பது அதுதான். மூன்று எண்கள் தெரிந்திருந்தால் எந்தக் கடையிலும் தவறாது. முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் கிடைக்கும். சிறிய மெஷின்களில் 3/8 லோ புரொஃபைல் என்ற வகைதான் வழக்கம், இரண்டு ரிவெட்டுக்கு நடுவே சராசரியாக 9.5 மி.மீ. பெரிய மலிவு மெஷின்களில் 0.325 இன்ச், அதாவது 8.25 மி.மீ. இரண்டாவது, பார்க் குழிக்குள் ஓடும் கண்ணியின் தடிமன்: 1.1, 1.3, 1.5 மி.மீ. என்று வரும். மூன்றாவது, ஓட்டுக் கண்ணிகளின் எண்ணிக்கை. இந்த எண்கள் பாரின் வேர்ப்பக்கத்தில் அச்சடித்திருக்கும். அதை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். “14 இன்ச் செயின்” என்று மட்டும் கேட்டு வாங்கினால் 50 கண்ணி வேண்டிய இடத்தில் 52 கண்ணி வந்து சேரும், 1.1 பாருக்கு 1.3 செயின் வாங்கினால் குழிக்குள் இறங்கவே செய்யாது. மெஷினோடு சேர்த்து இரண்டு செயின் வாங்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் ஒரே சீராகத் தேயும். இரண்டு செயின் தேய்ந்து முடிந்ததும் ஸ்ப்ராக்கெட்டையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் புதுசும் சீக்கிரம் கெடும்.

அறுக்கும் தூளைப் பாருங்கள். கூரான செயினில் சீவலாக வரும், மழுங்கிய செயினில் மாவாக வரும். மாவு வர ஆரம்பித்த பிறகு மெஷினை அமுக்கி அறுப்பவர்கள்தான் பாரையும் கிளட்சையும் எரிக்கிறார்கள். 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ. உருண்டை அரம், 0.325-க்கு 4.8 மி.மீ. அரம். ஒரு மரத்துண்டில் வாளால் பிளவு போட்டு, பாரை அதில் இறுக்கி நிறுத்தி, செயின் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். பல்லின் மேல் 30 டிகிரிக்கு ஒரு சாய்கோடு இருக்கும். அரத்தை அதற்கு இணையாகப் பிடித்து, பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் தள்ளவேண்டும். தள்ளும்போது மட்டுமே அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை, மூன்று தள்ளு போதும். முதல் பல்லில் மார்க்கர் வைத்தால் எங்கே தொடங்கினோம் என்று மறக்காது. ஒரு பக்கத்துப் பற்கள் முடிந்ததும் மெஷினைத் திருப்பி மறுபக்கம். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் அழுத்தம் கூடிப்போவது சகஜம். அப்போது அந்தப் பக்கத்துப் பற்கள் குட்டையாகி, வெட்டு நேராக இறங்காமல் வளையும். வெட்டு வளைந்தால் பாரைக் குறை சொல்லும் முன் இரண்டு பக்கப் பற்களின் நீளத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். பல்லின் உச்சியைவிட அது 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நாலைந்து முறை அரம் போட்டபின் பல் தாழ்ந்து மேடு நின்றுவிடும், கூராக இருந்தும் செயின் கடிக்காது. தட்டை அரத்தால் ஒன்றிரண்டு தள்ளில் அதைக் குறைத்து, முன்முனையை உருட்டிவிட வேண்டும். அளவு பார்க்க ஒரு சிறிய தகட்டுக் கேஜ் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். கண்மதிப்பில் நிறையக் குறைத்துவிட்டால் செயின் அளவுக்கு மீறிக் கடித்து மெஷினை இழுத்து உதைக்கும்.

நம் மரங்கள் செயினைப் படுத்தும் விதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ரப்பர் மென்மையான தடி, சிறிய மெஷினும் சுகமாக அறுக்கும். தொல்லை பாலில்தான். அது தூளோடு சேர்ந்து ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் கெட்டித்து, பாரின் குழியிலும் எண்ணெய் வரும் ஓட்டையிலும் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் வராத செயின் சூடாகி நீண்டு தொங்கும். வேலை முடிந்த அன்றே மூடியைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைக்க வேண்டும். மறுநாள் என்றால் கத்தியால் சுரண்ட வேண்டிவரும். பால் வெட்டிய மரமாக இருந்தால் இன்னொரு கவனமும் வேண்டும். ஒட்டு ரப்பரில் பட்டை வெட்டுவது தரையிலிருந்து ஏறத்தாழ 125 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். தகரச் சில்லு, சிரட்டை தாங்கும் கம்பி, மழைக்காப்புப் பிளாஸ்டிக்கைப் பிடித்த ஸ்டேப்பிள் பின் எல்லாம் இந்தப் பகுதியில்தான் இருக்கும், பட்டை வளர்ந்து மூடியும் இருக்கும். வெட்டோத்தியால் அந்த இடத்தைச் செதுக்கிப் பார்த்துவிட்டுச் செயினை வையுங்கள். ஒரு ஸ்டேப்பிள் பின் போதும், ஐந்தாறு பல்லின் கூர் போய்விடும். முள்வேலிக் கம்பியை விழுங்கி வளர்ந்த பூவரசும் இப்படித்தான்.

சக்கையிலும் அயினியிலும் பசை உண்டு. அதே மண்ணெண்ணெய் துடைப்பு வேண்டும். கொல்லாமரத்துப் பாலும் நீரும் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும், முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள். புளி கடினம். பச்சையாக இருக்கும்போதே அறுத்துத் துண்டு போட்டால் பாதிச் சிரமம் குறையும்.

தென்னையும் பனையும் தனி ரகம். மற்ற மரங்களைப்போல வைரம் நடுவில் இருக்காது. வெளிவட்டம் நாரும் இரும்புமாக இருக்கும், உள்ளே பஞ்சு. நார் நீளநீளமாக உரிந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொள்ளும், செயினும் சீக்கிரம் மழுங்கும். இரண்டு மூன்று வெட்டுக்கு ஒருமுறை எஞ்சினை அணைத்து நாரை எடுத்துவிட வேண்டும். கொளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம் என்று கடலை ஒட்டிய ஊர்களில் காற்றடித்த மணல் பட்டை இடுக்கில் ஏறியிருக்கும். மணல் அரத்தைவிட வேகமாகப் பல்லைத் தின்னும். ஈர்க்குவாரியால் தேய்த்து, முடிந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு அறுங்கள். தரையில் கிடக்கும் தடியை அடிவரை அறுக்காதீர்கள். முக்கால்வாசி அறுத்துவிட்டு, தடியைப் புரட்டி மறுபக்கம் அறுக்க வேண்டும். செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டால் அன்றைய கூர் போச்சு.

பெட்ரோல் விஷயத்தில்தான் அதிக எஞ்சின்கள் போகின்றன. இவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஆயில் கலக்காத பெட்ரோலில் ஓட்டினால் சில நிமிடத்தில் பிஸ்டன் பிடித்துவிடும். 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்று கையேடு சொல்லும். கம்பெனி ஆயிலுக்கு ஒரு கணக்கும் சாதாரண டூ-டி (2T) ஆயிலுக்கு வேறு கணக்கும் கொடுத்திருப்பார்கள். மருந்துக்கடையில் 20 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்கினால் அளவு பிசகாது. மூடி அளவில் ஊற்றுவது வேண்டாம். பாதிப் பெட்ரோலில் ஆயிலை ஊற்றிக் குலுக்கி, மீதிப் பெட்ரோலைச் சேர்த்து மறுபடி குலுக்குங்கள். கடலோர ஊர்களில் ஒன்று கவனிக்க வேண்டும். வள்ளத்தில் பூட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கான ஆயில் எளிதில் கிடைக்கும், அதுவும் டூ ஸ்ட்ரோக் ஆயில்தான். ஆனால் அந்த மோட்டார் தண்ணீரில் குளிர்வது, இது காற்றில் குளிர்வது. இதன் சூட்டை அந்த ஆயில் தாங்காது. டப்பாவில் காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கான தரக்குறி, ஜேஏஎஸ்ஓ எஃப்சி அல்லது எஃப்டி (JASO FC, FD) என்று இருக்க வேண்டும்.

இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், நம் மழைக்கால ஈரம் சொல்ல வேண்டியதில்லை. ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் ஃபில்டர் கிடப்பது அடியில். எஞ்சினுக்குப் போவது ஆயில் இல்லாத கலவை. “ஆயில் போட்டுத்தானே ஓட்டினேன், எப்படிப் பிடித்தது?” என்ற கேள்விக்குப் பலமுறை இதுதான் விடை. ஆகவே ஒரு லிட்டருக்கு மேல் கலக்கி வைக்காதீர்கள், மூன்று வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் ஊற்றி வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அது மெஷினுக்கு ஆகாது. எத்தனால் குழாயையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய டயஃப்ரத்தையும் விறைக்க வைக்கும். வாங்கும் முன்பே கையேட்டில் எத்தனை விழுக்காடு எத்தனால் வரை தாங்கும் என்று பாருங்கள். பல கையேடுகள் 10 என்றே சொல்கின்றன. அப்படியானால் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

செயினுக்கான எண்ணெய் தனி டேங்க். பெட்ரோல் ஒரு டேங்க் தீரும்போது அதுவும் ஏறத்தாழத் தீர வேண்டும். தீரவில்லை என்றால் ஓட்டை அடைத்திருக்கிறது. செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புதிய 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் போதும். வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம். அதில் உலோகப் பொடி இருக்கும், பம்பைத் தேய்க்கும். சுற்றும் செயினிலிருந்து எண்ணெய் முழுவதும் தெறித்து விளையில்தான் விழுகிறது. கிணற்றடியில் அறுக்கும்போது அந்தக் கழிவு எங்கே போகும் என்று நினைத்துப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் ஊற்றலாமே என்று கேட்பார்கள். குளிர்ந்த நேரத்தில் அது உறைந்து கட்டியாகிவிடும். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, பாரின் மூக்கை ஒரு வெட்டிய மூட்டுக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் காட்டி ரேஸ் கொடுங்கள். எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

செயினின் இறுக்கம்: மெஷின் ஆறியிருக்கும்போது, பாரின் அடிப்பக்கம் செயின் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் நகரவும் வேண்டும். பாரின் மூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்குங்கள். புதுச் செயின் முதல் அரைமணியில் நீளும், இரண்டு மூன்று முறை இறுக்க வேண்டிவரும். சூடான செயினை இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது அது சுருங்கி எஞ்சின் தண்டையே இழுக்கும்.

ஸ்டார்ட் செய்ய மெஷினைத் தரையில் வைத்து, செயின் பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலது காலின் முனையை வைத்து, இடது கையால் முன்பிடியை அமுக்கிக்கொண்டு இழுக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் முழுதாகப் போட்டு, ஒருமுறை ‘புட்’ என்று வெடிக்கும் வரை மட்டும் இழுங்கள். அந்தச் சத்தம் கேட்டதும் சோக்கைப் பாதியாக்கி இழுத்தால் பிடித்துவிடும். அந்த ‘புட்’டைக் கவனிக்காமல் முழுச் சோக்கில் பத்துமுறை இழுப்பதால்தான் பிளக் நனைகிறது. நனைந்தால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, சுவிட்சை ஆஃபில் வைத்து, பிளக் இல்லாமலே நாலைந்து இழுப்பு இழுத்து உள்ளிருப்பதை வெளியேற்றுங்கள். பிளக்கின் இடைவெளி பெரும்பாலான சிறிய மெஷின்களில் 0.5 மி.மீ. மெஷினைத் தொங்கவிட்டபடி ஒரு கையால் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடுகிறதா? பெட்ரோல் மூடியை லேசாகத் திறந்துவிட்டுப் பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுத்து, மறுபடி ஓடினால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. ரேஸ் கொடுத்தால் திணறுகிறதென்றால் முதலில் ஏர் ஃபில்டர், பிறகு பெட்ரோல் ஃபில்டர். கம்பியை வளைத்து டேங்குக்குள் விட்டால் ஃபில்டர் வெளியே வரும். கார்புரேட்டர் திருகுகளைக் கடைசியில் தொடுங்கள். முழு ரேஸில் போகும் பெட்ரோலின் அளவை மாற்றும் ஹெச் திருகை உள்ளே திருப்பினால் சத்தம் கூடும், வேகம் கூடியதுபோல இருக்கும். உண்மையில் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலும் அதோடு ஆயிலும் குறைகின்றன. பிஸ்டன் பிடிப்பதற்கு அது நேர்வழி.

மெஷின் உதைப்பது பாரின் மூக்கில், மேல் கால்பகுதி எதிலாவது படும்போது. முழு ரேஸில் செயின் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும். அந்த முனை தட்டினால் முழு மெஷினும் முகத்தை நோக்கி எழும். இடது கைக் கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், முகமும் கழுத்தும் பாருக்கு நேரே இருக்கக் கூடாது, தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. உயரத்துக் கொப்புக்குத் தோட்டியில் கட்டிய வாள் இருக்கிறது. சாரத்தை (கைலி) கட்டிக்கொண்டு, தோளில் துவர்த்தை (துண்டு) போட்டுக்கொண்டு அறுப்பதைக் கண்டால் பதறுகிறது. தடித்த பேண்ட், மூடிய ஷூ, கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மஃப். இந்த மெஷின்களின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும்.

காற்றில் விழுந்த மரத்தில் அறுக்கும் முன் அது எங்கே தாங்கியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையும் தாங்கி நடு தொங்கினால், மேல்பக்கம் நெருக்கத்தில் இருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கியிருந்தால் முறை தலைகீழ்: கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மாற்றிச் செய்தால் பார் நடுவில் கடிபட்டு நிற்கும். நின்றால் எஞ்சினை அணைத்து, பிளவில் மர ஆப்பை அடித்து எடுங்கள், இழுத்துப் பிடுங்க வேண்டாம். வேரோடு சரிந்த ரப்பரில் தடியை அறுத்ததும் மூடு மண்ணோடு சேர்ந்து குழிக்குள் திரும்ப எழுந்து உட்காரும். அந்தக் குழிக்குள்ளோ வேர்த்தட்டுக்குப் பின்னாலோ ஆள் நிற்கக் கூடாது, பிள்ளைகள் கண்டிப்பாகக் கூடாது. கரண்டுக் கம்பி தொட்ட கொப்பு எதுவாக இருந்தாலும் மின்வாரியத்தினர் வந்து இணைப்பைத் துண்டித்ததாகச் சொன்ன பிறகே மெஷினை எடுங்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் சொந்த விளையில் நின்றாலும் வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

மழைக்காலம் முழுக்க வேலை இல்லாமல் வைக்கப் போகிறீர்கள் என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஸ்லோவில் ஓடவிடுங்கள். பாரையும் செயினையும் கழற்றி, குழியை மெல்லிய தகட்டால் சுரண்டி, எண்ணெய் ஓட்டையைக் கம்பியால் குத்திவிட்டு, செயினை எண்ணெய் தோய்த்து ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள். கடற்காற்று படும் ஊர்களில் செயின் வெளியே கிடந்தால் ரிவெட்டெல்லாம் துருப்பிடித்து விறைக்கும். திரும்பப் பூட்டும்போது பாரை மேல்கீழாகத் திருப்பிப் போடுங்கள், ஒரே விளிம்பு தேயாது. செயினின் பற்கள் மேல்பக்கத்தில் மூக்கை நோக்கிப் பார்க்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டு நட்டை முறுக்குங்கள்.